சுருங்கிய தொப்பியும் சுருங்காத பையும்

அன்புள்ள அக்காவுக்கு,

பின்னிய கம்பளியைச் சுருக்கி ஃபெல்ட் என்ற தடித்த, அடர்ந்த துணியாக ஆக்குவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் இறங்கினேன். ஊசியில் பின்னிய தொப்பி ஒன்று, கொக்கியால் பின்னும் குரோஷாவில் போட்ட சின்னப் பை ஒன்று. ஒரே கடையில் வாங்கிய நூல்தான், நிறம் மட்டும் வேறு. இரண்டையும் வாஷிங் மெஷினில் வெந்நீர் வைத்து ஓட்டினேன். தொப்பி பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கித் தடித்துவிட்டது. பை அப்படியே இருக்கிறது. குரோஷா ஃபெல்ட் ஆகாதா? தொப்பியைப் பழையபடி பெரிதாக்க முடியுமா?

வாசகி, குன்னூர்

அன்புள்ள தங்கைக்கு,

தொப்பி பெரிதாகாது. ஈரத்தோடு இழுத்துக் கிண்ணத்தின்மேல் கவிழ்த்துக் காயவைத்தால் வடிவம் கொஞ்சம் சீராகும், அவ்வளவுதான். ஆட்டுமயிரின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு, எல்லாம் நுனிப்பக்கம் சாய்ந்திருக்கும். வெந்நீரில் சோப்போடு உராயும்போது ஒவ்வோர் இழையும் ஒரே திசையில் நகர்ந்து பக்கத்து இழையோடு சிக்கும், பின்னால் வராது. சடை விழுந்த தலைமுடி மாதிரிதான்.

குரோஷா நன்றாகவே ஃபெல்ட் ஆகும். எனக்குச் சந்தேகம் நூலின் மேல். லேபிளில் ‘சூப்பர்வாஷ்’ என்று இருக்கிறதா பாருங்கள். குளோரினால் செதிலை மழுக்கி, மேலே மெல்லிய பூச்சும் கொடுத்த கம்பளி அது. மெஷினில் போட்டாலும் சுருங்கக்கூடாது என்றே செய்தது, நீங்கள் எவ்வளவு வெந்நீர் விட்டாலும் அசையாது. லேபிள் இல்லையா? நம் ஊர்க் கடைகளில் ‘ஊல்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். (சூப்பர்வாஷும் முடி நாற்றம்தான் அடிக்கும், அதை இந்தச் சோதனை காட்டாது.)

வட சுவீடனில் லோவிக்கா என்ற ஊரில் 1892இல் எரிக்கா ஐத்தாமா என்ற பெண் பின்னிக் கொடுத்த தடித்த கையுறையை, பிடிக்கவில்லை என்று வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்தாராம். எரிக்கா அதைத் துவைத்து, வாரிப் பஞ்சுபோலாக்கித் தந்தார். லோவிக்கா கையுறை இன்றைக்கும் பெயர்பெற்ற சரக்கு. அவர் கையில் இருந்தது ஆட்டுமயிர் நூல், லேபிள் தேவைப்படவில்லை. நமக்குத்தான் தேவை.

நூல் சரியாக இருந்தும் பை சுருங்கவில்லை என்றால் பின்னல் இறுக்கம்தான் காரணம். சிங்கிள் குரோஷா என்ற குட்டையான, நெருக்கமான கண்ணி போட்டீர்களா? இழை நகர இடமே இருக்காது. வழக்கமான கொக்கியைவிட 2, 3 மில்லிமீட்டர் பெரியதை எடுத்து, டபுள் குரோஷா என்ற உயரமான கண்ணியில் தளர்வாகப் போடுங்கள். பார்க்க அசிங்கமாக, வலை மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

அப்புறம், மாதிரித் துண்டு பின்னாமல் தொடங்காதீர்கள். 20 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒன்று பின்னி, நடுவில் பருத்தி நூலால் 10 சென்டிமீட்டரை நெடுக்கிலும் குறுக்கிலும் குறித்துவிட்டுச் சுருக்குங்கள். ஊசிப் பின்னல் பெரும்பாலும் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் சுருங்கும். உங்கள் தொப்பியைக் குட்டையாக்கியது அதுதான். அடுத்த தொப்பி காதைத் தாண்டித் தோள்வரை தொங்கும்படி பின்னினாலும் பயப்படாதீர்கள், அளவெடுத்த துண்டு சொல்வதை நம்புங்கள்.

மெஷின் என்றால் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டுங்கள், உதிரும் பஞ்சு குழாயை அடைக்கும். கூட ஒரு பழைய ஜீன்ஸ் போட்டால் உராய்வு கூடும். முன்கதவு மெஷின் நடுவில் திறக்க விடாது, அதனால் முதல் சோதனைக்கு வாளியும் கையுமே மேல். கண்ணிகள் மறைந்ததும் நிறுத்திவிடலாம்.

சுருங்கிய தொப்பியைத் தூக்கிப் போடாதீர்கள். நன்றாக ஃபெல்ட் ஆனதைக் கத்தரித்தாலும் பின்னல் பிரியாது, டம்ளர் வைக்க வட்டத் துண்டுகள் வெட்டிக்கொள்ளலாம். பை நூலைக் கொளுத்திப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.