நான்கு தடங்கள் எந்த நாட்டில் அதிகம்?

கேள்வி: இரட்டை ரயில் பாதைகள், நான்கு தடப் பாதைகள் ஆகியவற்றின் நீளத்தைக் கொண்டு உலக நாடுகளை வரிசைப்படுத்த முடியுமா? முதலிடம் எந்த நாட்டுக்கு?

பதில்: முடியும், ஆனால் எதை அளக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். 100 கிலோமீட்டர் தூரத்துக்கு நான்கு தடங்கள் இருந்தால், வழித்தட நீளக் கணக்கில் அது 100 கிலோமீட்டர். தண்டவாள நீளக் கணக்கில் 400 கிலோமீட்டர். நிலையங்களிலும் பணிமனைகளிலும் உள்ள பக்கத் தடங்களையும் சில கணக்குகள் சேர்த்துக்கொள்வதால், இரண்டாவதை முதலாவதால் வகுத்து ஒரு நாட்டின் சராசரித் தடங்களைக் கண்டுபிடிக்க முயல்வது தவறான விடைக்கே இட்டுச்செல்லும்.

மொத்த வழித்தட நீளத்தில் அமெரிக்காவே முதலிடம் வகிக்கிறது என்றாலும் அதன் பெரும்பகுதி ஒற்றைப் பாதைதான். ஒரு காலத்தில் நான்கு தடங்களுடன் நீண்ட தொலைவு ஓடிய பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் முதன்மைப் பாதை, பயணிகள் சாலைக்கும் விமானத்துக்கும் மாறிய பிறகு சுருங்கியது. அதன் புகழ்பெற்ற குதிரைலாட வளைவில் 1981இல் ஒரு தடம் அகற்றப்பட்டு, இன்று மூன்றே எஞ்சியுள்ளன. இரட்டைப் பாதையின் நீளத்தில் சீனாவே முன்னணியில் உள்ளது: ஏறத்தாழ 1,60,000 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் வலைப்பின்னலில் சுமார் 60 விழுக்காடு இரட்டைப் பாதை.

நான்கு தடங்களைக் கணக்கிடும்போதுதான் சிக்கல் கூடுகிறது. பெய்ஜிங்குக்கும் ஷாங்காய்க்கும் இடையே பழைய இரட்டைப் பாதை இருக்க, 2011இல் 1,318 கிலோமீட்டர் நீள அதிவேகப் பாதை தனியாகத் திறக்கப்பட்டது. இவ்விரு நகரங்களுக்கிடையே நான்கு தடங்கள் இருந்தும், பட்டியல்களில் அவை இரண்டு இரட்டைப் பாதைகளாகவே இடம்பெறும். ஜப்பானிலோ குசாட்சுவிலிருந்து நிஷி அகாஷி வரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரே வழித்தடத்தில் நான்கு தடங்கள் தொடர்ந்து செல்கின்றன. அந்நாட்டின் மிக நீண்ட நான்கு தடப் பகுதி அதுவே. ஆகவே மொத்த நீளத்தைவிட, இடையில் முறியாமல் தொடரும் நீளத்தை ஒப்பிடுவதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இடையில் சில கிலோமீட்டர் குறைந்தால் அத்தனை பாதிப்பா?

பதில்: ஆம். லண்டனிலிருந்து எடின்பரோ செல்லும் கிழக்குக் கடற்கரை முதன்மைப் பாதையில், நான்கு தடங்கள் 1850இல் திறக்கப்பட்ட டிக்ஸ்வெல் மேம்பாலத்துக்கு முன் இரண்டாகக் குறைகின்றன. நாற்பது வளைவுகள் கொண்ட அப்பாலத்தையும் அதையடுத்த சுரங்கங்களையும் கடந்த பிறகே மீண்டும் நான்காகின்றன. இடையிலுள்ள வெல்வின் நார்த் நிலையத்தில் ஓர் உள்ளூர் ரயில் நின்றால், பின்னால் வரும் விரைவு ரயில் காத்திருக்க வேண்டியதுதான். அந்தச் சிறு பகுதியே முழு வழித்தடத்தின் கொள்ளளவையும் கட்டுப்படுத்துகிறது.

இதற்கு நேர்மாறாக, டோக்கியோவையும் ஒசாகாவையும் இணைக்கும் தொக்கைதோ ஷின்கான்சென் என்னும் அதிவேகப் பாதை இரண்டே தடங்களில், உச்ச நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 17 ரயில்கள் வரை இயக்குகிறது. சரக்கு ரயில்களோ மெதுவான உள்ளூர் ரயில்களோ அதில் நுழைவதில்லை. எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயில்கள் பக்கத் தடத்துக்கு ஒதுங்கி விரைவு ரயில்களுக்கு வழிவிடுகின்றன.