மதுரை பெஞ்ச், டிவிஷன் பெஞ்ச் இரண்டும் ஒன்றா?

இல்லை, வேறு வேறு. மதுரை பெஞ்ச் என்பது இடம். சென்னை உயர் நீதிமன்றத்தின் கிளை 2004 ஜூலையில் அங்கே தொடங்கியது. வழக்குக் கட்டோடு நாகர்கோவிலில் ராத்திரி பஸ் ஏறிச் சென்னை வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! 'மதுரைக் கிளை' என்றே எழுதலாம், தெளிவாக இருக்கும்.

டிவிஷன் பெஞ்ச் என்பது ஒரு வழக்கைச் சேர்ந்து விசாரிக்கும் இரண்டு நீதிபதிகள். தமிழில் 'அமர்வு'. மதுரைக் கிளையிலும் இப்படி அமர்வுகள் உண்டு, குழப்பமே அதனால்தான். அரசியல் சாசனத்துக்குப் பொருள் சொல்ல வேண்டிய முக்கியமான கேள்வி என்றால் உச்ச நீதிமன்றத்தில் குறைந்தது 5 பேர் உட்கார வேண்டும். 1973-இல் தீர்ப்பான கேசவானந்த பாரதி வழக்கில் 13 பேர்!

அப்புறம், சட்டமன்றச் செய்தியில் வரும் 'டிரஷரி பெஞ்ச்' ஆளுங்கட்சி வரிசை.