மூன்று பந்தை ஊதாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் பற்றியவை. முப்பது வருஷத்துக்கு மேல் சர்ஜரி வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். நோயாளியைத் திட்டியதைவிட, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர்களைத் திட்டியதுதான் அதிகம். அந்தப் பழக்கம் இங்கேயும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை இல்லை. வலது முட்டி மாற்றி எட்டு நாள் ஆகிறது. ஹவுசிங் போர்டு வீடு, இரண்டாவது மாடி. முட்டிக்குக் கீழே தலையணை வைத்தால்தான் தூங்குகிறார். வைக்கலாமா? (வியாசர்பாடி)

வயது, சர்க்கரை, எந்தக் கால், எத்தனை நாள் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். கடிதம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

தலையணையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். முட்டி மடங்கி இருக்கும்போது வலி குறைவாகத்தான் இருக்கும். அப்படியே இரண்டு மூன்று வாரம் போனால் கால் முழுசாக நீளாது, அப்புறம் நொண்டி நடைதான். வைத்தே ஆக வேண்டுமென்றால் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் கொடுங்கள். ‘மாத்திரை உடம்புக்கு ஆகாது’ என்று அதில் சிக்கனம் பிடித்தால் வலிக்குப் பயந்து அம்மா காலை அசைக்கவே மாட்டார். மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். ஏறும்போது நீங்கள் அவருக்குப் பின்னால், இறங்கும்போது முன்னால், ஒரு படி கீழே நில்லுங்கள். தரைக் கக்கூஸ் வேண்டாம், கமோடு நாற்காலி வாங்குங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் வலித்தால் தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கும். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சும் வாங்கினால் 108.

அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து 12 நாள். மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த மூன்று பந்து மெஷினை எவ்வளவு ஊதினாலும் பந்து ஏறவில்லை. மெஷின் பழுதா? அவர் அடிக்கடி அழவும் செய்கிறார். (திருவொற்றியூர்)

மெஷினுக்கு ஒன்றும் இல்லை. அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதுபோல மெதுவாக, நீளமாக இழுத்து, ஒன்றிரண்டு வினாடி பிடித்து விடச் சொல்லுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்து தடவை. மூன்று பந்தும் ஏறினால்தான் பாஸ் என்பது இல்லை. நுரையீரலின் அடிவரை காற்று போனால் சளி கட்டாது, அதற்குத்தான் இது. இருமல் வந்தால் சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமட்டும்.

நெஞ்செலும்பு ஒட்ட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. லாரித் தண்ணீர் வந்ததும் பழக்க தோஷத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், பார்த்துக்கொள்ளுங்கள். நிறைகுடம் 15 கிலோ. கட்டிலிலிருந்து எழும்போதும் கையை ஊன்றித் தள்ளக் கூடாது. ஸ்கூட்டர் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அழுகை நிறையப் பேருக்கு வருவதுதான். வாழ்நாளில் கண் கலங்காத ஹார்பர் தொழிலாளிகள் வார்டில் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்திருக்கிறேன். ‘ஆம்பளை அழலாமா’ என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். சில வாரங்களில் தணியும். தணியாமல் சாப்பாடு, தூக்கம் போனாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று பேசினாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாமாவுக்கு அடுத்த மாதம் காலை 8 மணிக்கு ஹெர்னியா ஆபரேஷன். விடிந்ததும் டீ இல்லாமல் இருக்க மாட்டார். அரை கிளாஸ் கொடுக்கலாமா? (கொருக்குப்பேட்டை)

கூடாது. பால் கலந்தால் டீயும் சாப்பாட்டுக் கணக்குதான், ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. வெறும் தண்ணீர் எத்தனை மணி வரை என்று மயக்க மருந்து டாக்டர் சொல்வார். கெஞ்சினார் என்று யாராவது கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மனைவிக்கு சிசேரியன் ஆகி ஐந்து நாள். என் அம்மா ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் தருகிறார், அதிகம் குடித்தால் வயிறு போடுமாம். முட்டை, மீன் எதுவும் கூடாதாம், தையலில் சீழ் பிடிக்குமாம். மனைவி அழுகிறாள். நான் யார் பக்கம் பேசுவது? (ராயபுரம்)

தம்பி, பக்கம் பார்க்க இது பஞ்சாயத்தா? முதலில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் அந்தப் பெண் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

இந்தத் தண்ணீர்க் கதையைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. பிரசவமான வயிறு பெரிதாகத் தெரிவது கர்ப்பப்பை இன்னும் சுருங்காததால். அது பழைய அளவுக்கு வர ஆறு வாரம் ஆகும். பத்து மாதம் இழுபட்ட தசையும் உடனே இறுகாது. குடிக்கிற தண்ணீர் தொப்பையில் போய்த் தேங்குவதில்லை. தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் தெரியுமா? மலச்சிக்கல் வரும், முக்கினால் தையல் வலிக்கும், வலிக்குப் பயந்து கக்கூஸ் போகாமல் அடக்குவாள், இன்னும் இறுகும். சிறுநீரில் எரிச்சல் வரும். தாய்ப்பால் கொடுக்கிறவளுக்கு நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டராவது வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு தானாகச் சரியாகிவிடும்.

அடுத்தது மீன். ராயபுரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! பக்கத்தில் காசிமேட்டு மீனவர் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா புட்டு செய்து கையில் கொடுப்பார்கள், பால் ஊறட்டும் என்று. இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டில் கவுச்சி வாடையே ஆகாது என்பார்கள். மீன் தின்றால் சீழ் பிடிக்கும் என்பது உண்மையானால் காசிமேட்டில் ஒரு தையலும் ஆறியிருக்கக் கூடாது. சீழ் கிருமியால் வருகிறது. கழுவாத கை, நனைந்த கட்டு, கட்டுப்படாத சர்க்கரை இவைதான் அதற்கு வழி. புண் மூடப் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம், கையளவு மீன் துண்டில் இருபது கிராம் கிடைக்கும். சைவ வீடென்றால் பருப்பு, சுண்டல், பால், தயிர். வெறும் ரசம் சோற்றில் என்ன இருக்கிறது?

இதில் என் மானமும் கொஞ்சம் போயிருக்கிறது. எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது என் நாத்தனார் பத்து நாள் ரசம் சோறும் சுட்ட அப்பளமும்தான் போட்டார். வார்டு முழுக்க முட்டை சாப்பிடு, முட்டை சாப்பிடு என்று கத்தியவள், வீட்டில் வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன். ராத்திரி எழுந்து சமைத்துப் போடுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அதனால் உங்கள் அம்மாவோடு சண்டை போடாதீர்கள். அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப்போய் டாக்டர் வாயால் கேட்க வையுங்கள். நீங்கள் சொன்னால் பெண்டாட்டி பேச்சு, டாக்டர் சொன்னால் வைத்தியம். அதுவரை முட்டையை நீங்களே அவித்துக் கொடுங்கள். உங்களுக்குக் கையில்லையா?

தையல் மேல் மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். வயிற்றை இறுக்கித் துணி கட்டித் தேய்க்காதீர்கள். தையல் சிவந்து சூடாக இருந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் 100-ஐத் தாண்டினாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ காத்திருக்காமல் கிளம்புங்கள். முதுகில் போட்ட ஊசியால் ஆயுசுக்கும் இடுப்புவலி என்று அடுத்து யாராவது வந்து சொல்வார்கள். முதுகுக்கு அணை இல்லாமல் குனிந்து பால் கொடுத்தால் இடுப்பு வலிக்கத்தான் செய்யும். ஒரு தலையணை வையுங்கள்.

பாட்டிக்கு 78 வயது. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் ராத்திரி, இறந்துபோன தாத்தாவோடு பேசுகிறார், டிரிப்ஸைப் பிடுங்குகிறார். காற்று சேட்டை என்கிறார்கள். மந்திரிக்கலாமா? (புது வண்ணாரப்பேட்டை)

இது வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் வரும் மனக்குழப்பம். சாயங்காலத்துக்கு மேல் கூடும், பகலில் தெளியும். சோடியம் குறைவு, சர்க்கரை இறக்கம், சிறுநீர்க் கிருமி, வலி என்று ஏதாவது ஒன்று தூண்டிவிட்டிருக்கும். அதனால் டியூட்டி டாக்டரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும். மந்திரித்துக் கயிறு கட்டினால் உங்கள் மனசுக்கு நிம்மதி என்றால் கட்டுங்கள், டாக்டரிடம் சொன்ன பிறகு. டிரிப்ஸ் போட்ட கையில் வேண்டாம்.

பாட்டியின் கண்ணாடி, பல்செட், காது மெஷின் எல்லாம் வீட்டில் பத்திரமாக இருக்கும், இல்லையா? இன்றைக்கே எடுத்துப் போங்கள். பாதி குழப்பம் கண் தெரியாமல், காது கேட்காமல் வருவது. ஜன்னல் பக்க வெளிச்சம், பழகின முகம் ஒன்று. ‘தாத்தா எப்பவோ செத்துட்டார்’ என்று வாதாடாதீர்கள். ‘நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, நான் உங்க பேத்தி’ என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும்.

அப்பாவுக்கு ஆபரேஷன். பயமாக இருக்கிறது. என்ன செய்ய? உடனே பதில் தேவை.

என்ன ஆபரேஷன்? அப்பாவுக்கு என்ன வயது? ஊர்கூட எழுதவில்லை. ‘உடனே’ மட்டும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்.

சரி, பொதுவாகச் சொல்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அதில் எழுதுங்கள், லேகியம், சூரணம் உட்பட. ரத்தத்தை இளக்கும் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று கேட்டு எழுதுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு இது உயிர் விஷயம். டிஸ்சார்ஜ் சம்மரியை மூன்று ஜெராக்ஸ் எடுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் இப்போதே எடுங்கள். சென்னை கலெக்டர் அலுவலகம் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில்தான். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஆளைப் படுக்க வைத்துவிட்டு அட்டைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

தம்பியின் கட்டைவிரல் பிரஸ் மெஷினில் துண்டாகி, ஒட்ட வைத்து வீட்டுக்கு வந்திருக்கிறான். நண்பர்கள் வந்து பக்கத்தில் சிகரெட் பிடிக்கிறார்கள். ஆபத்தா? (கொடுங்கையூர்)

ஆபத்துதான். புகை ரத்தக்குழாயைச் சுருக்கும். மயிரிழை போன்ற குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைத்திருக்கிறார்கள், பக்கத்தில் விடும் புகைகூட ஆகாது. நண்பர்களை வாசலோடு அனுப்புங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்கட்டும். விரல் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தேய்க்காதீர்கள்.

பட்டறையில் வேலை செய்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் பட்டால் கெட்டுவிடும். டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் கை அறுவை சிகிச்சைத் துறை நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் போய்ச் சேருங்கள்.

கண்புரை ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு மூன்று சொட்டு மருந்து. ஒன்றாகவே விட்டுவிடலாமா? (பெரம்பூர்)

ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிஷம் விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். கையைக் கழுவிவிட்டு விடுங்கள். கண்ணைத் தேய்க்காதீர்கள்.

ரத்தம் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. காசுக்குக் கொடுக்க ஒருவர் வருகிறார். (மூலக்கடை)

வேண்டாம். காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998 முதல் தடை. ரத்த வங்கியிலேயே போய் நிலைமையைச் சொல்லுங்கள். 18 வயது முடிந்து, எடை 45 கிலோவுக்கு மேல் இருக்கும் மச்சான்கள் உங்கள் வீட்டில் ஒருத்தர்கூட இல்லையா?

அம்மாவுக்குக் குடல் ஆபரேஷன். பதினேழு நாளாக வார்டில் நான் மட்டும். ஒரு ராத்திரி வீட்டில் போய்த் தூங்கினால் தப்பா? அண்ணன்கள் சாயங்காலம் ஆப்பிளோடு வந்து பத்து நிமிஷத்தில் போய்விடுகிறார்கள். (எண்ணூர்)

தப்பில்லை, போய்த் தூங்குங்கள். தூக்கமில்லாத கைதான் மாத்திரையை மாற்றிக் கொடுக்கும். அண்ணன்களிடம் ‘உதவி வேண்டும்’ என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ‘செவ்வாயும் வெள்ளியும் ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை நீ’ என்று கிழமை போட்டு நோட்டில் எழுதி, எந்த மாத்திரை எப்போது என்பதையும் அதிலேயே எழுதிக் கையில் கொடுங்கள். பெண்கள் வார்டு, ஆம்பளை தங்க முடியாது என்பார்கள். அப்படியானால் அண்ணிகள் வரட்டும். அண்ணன்கள் அன்றைக்கு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.