கடலடித் திரில்லருக்கு எந்தக் கண்டுபிடிப்பை வைக்கலாம்?

கேள்வி: ஆழ்கடலில் நடக்கும் சாகச திரில்லர் ஒன்று எழுதுகிறேன். விஞ்ஞானிகள் கடலடியில் ஆபத்தான ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் கரு. ராட்சத மிருகமும் வேற்றுக்கிரகவாசியும் வேண்டாம். வேறு எதை வைத்தால் படிப்பவர்கள் நம்புவார்கள்?

மீத்தேன் ஹைட்ரேட்டை வையுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

இந்த வகைக் கதைகளைத் தேடிப் பிடித்துப் படிக்கிறவன் நான். பெரும்பாலான கடலடிக் கதைகள் என்னை ஏமாற்றுவது ஒரே இடத்தில்தான். கடல் அங்கே வெறும் இருட்டறையாக இருக்கும். அதே கதையைக் குகைக்குள்ளோ விண்கலத்திலோ நடத்தினாலும் ஒன்றும் மாறாது. கடலுக்கே உரிய ஆபத்து அழுத்தம். அதிலும் இறங்கும்போது கூடுகிற அழுத்தத்தை எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஏறும்போது குறைகிற அழுத்தத்தில்தான் கதை இருக்கிறது. கண்டுபிடித்த பொருளும் கண்டுபிடித்த மனிதர்களும் கீழே இருக்கிறவரை பத்திரம், அவசரப்பட்டு மேலே வந்தால் ஆபத்து என்று வைத்துப் பாருங்கள். அப்புறம் திருப்பங்களை நீங்கள் வலிந்து கொண்டுவர வேண்டியதே இல்லை.

மீத்தேன் ஹைட்ரேட் பார்க்க அழுக்கான பனிக்கட்டி மாதிரி இருக்கும். நீர் மூலக்கூறுகள் கூடு கட்டி, உள்ளே மீத்தேன் வாயுவை அடைத்து வைத்திருக்கின்றன. குளிரும் அழுத்தமும் சேர்ந்து இருந்தால்தான் அந்தக் கூடு நிற்கும். ஆர்க்டிக் பகுதி போன்ற குளிர்ந்த நீரில் 300, 400 மீட்டர் ஆழத்திலேயே அது நிலைத்திருக்கும். மேலே கொண்டுவந்தால் கூடு உடைந்து, ஒரு கன மீட்டர் கட்டியிலிருந்து சுமார் 160 கன மீட்டர் வாயு வெளியேறும். தீக்குச்சியைக் காட்டினால் பனிக்கட்டியே எரிவது போலத் தெரியும்.

2000-ம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் தீவுக்கு அப்பால், சுமார் 800 மீட்டர் ஆழத்தில் இழுவை மடி போட்ட மீன்பிடிக் கப்பல் ஒன்று மீனோடு சேர்த்து ஒரு டன்னுக்கும் மேல் இந்தக் கட்டிகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. மேல்தளத்தில் கொட்டியதும் அவை சீறிக்கொண்டு கரைய ஆரம்பித்தன. அத்தனையும் எரியக்கூடிய வாயு. ஆட்கள் அவசர அவசரமாக அதைத் திரும்பக் கடலில் தள்ளினார்கள். உங்கள் முதல் அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தோன்றவில்லை. தங்கள் வலையில் என்ன வந்திருக்கிறது என்று புரியாத மனிதர்கள், காலடியில் சீறும் வெள்ளைக் கட்டிகள், அந்தப் பக்கம் யாரோ ஒருவர் சிகரெட் பற்றவைக்கப் போகிறார்.

சரி, மனிதர்களுக்கு வருவோம். உங்கள் ஆட்களைச் சின்ன நீர்மூழ்கியில் அனுப்பாதீர்கள். அதற்குள் தரையில் இருக்கும் அதே அழுத்தம்தான். கதவைத் திறந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். சாச்சுரேஷன் டைவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கிணறுகளிலும் குழாய்களிலும் வேலை செய்யும் இவர்கள் கப்பலில் உள்ள எஃகு அறைக்குள், கடலடிக்குச் சமமான அழுத்தத்திலேயே வாரக்கணக்கில் வாழ்கிறார்கள். வேலைக்கு மட்டும் மணி போன்ற ஒரு கூண்டில் இறங்கிவிட்டு அதே அறைக்குத் திரும்புவார்கள்.

பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 400 மீட்டரில் மேற்பரப்பைப் போல 41 மடங்கு. அங்கே சாதாரணக் காற்றைச் சுவாசிக்க முடியாது. நைட்ரஜன் போதையேற்றும், ஆக்சிஜன் நஞ்சாகும். அதனால் ஹீலியத்தோடு மிகக் குறைவாக ஆக்சிஜன் கலந்து கொடுப்பார்கள். ஹீலியம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் அறையை நம் வெயில்காலம் போல வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள். குரல் கீச்சிட்டு, வாத்துக் குரல் ஆகிவிடும். மேலே உள்ளவர்கள் ஒரு கருவி வழியாகத்தான் அதைக் கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள். சாப்பாடு சின்னப் பெட்டிக்கதவு வழியாக வரும், நாக்குக்கு ருசியே தெரியாது. இவ்வளவு ஆழத்தில் கை நடுக்கமும் வரலாம். 1988-ல் பிரான்சின் கோமெக்ஸ் நிறுவன டைவர்கள் 534 மீட்டர் ஆழத்தில் கடலில் வேலை செய்திருக்கிறார்கள். ஆகவே 400 மீட்டர் அதிகப்படியான கற்பனை இல்லை.

இவர்கள் வெளியே வருவதற்கு எவ்வளவு நேரம் தெரியுமா? ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு நாள், கூடுதலாக ஒரு நாள். 400 மீட்டர் என்றால் இரண்டு வாரம். இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருக்கும் வாயு மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் சோடா பாட்டில் மூடியைத் திறந்தது போல உடம்புக்குள் குமிழ் கிளம்பும். 1983-ல் வட கடலில் பைஃபோர்டு டால்ஃபின் என்ற எண்ணெய்த் தளத்தில் அறையின் அழுத்தம் ஒன்பது வளிமண்டலத்திலிருந்து கணநேரத்தில் ஒன்றுக்கு இறங்கியது. நான்கு டைவர்களும் வெளியே நின்ற ஓர் உதவியாளரும் இறந்தார்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹைட்ரேட்டை அழுத்தம் குறையாமல் எடுத்துவர உருளைக் கருவிகள் உண்டு. உங்கள் கப்பலின் மேல்தளத்தில் ஓர் உருளைக்குள் அந்தக் கட்டி, சில அடி தள்ளி எஃகு அறைக்குள் அதை எடுத்துவந்த மனிதர்கள். இரண்டுமே வால்வை நம்பி இருக்கின்றன. கீழே என்ன பார்த்தோம் என்று டைவர்களுக்கு மட்டும்தான் தெரியும். சண்டை வந்தாலும் அவர்கள் வெளியே வர முடியாது, வெளியே இருக்கும் மருத்துவரும் உடனே உள்ளே போக முடியாது. கப்பல் இடத்தைவிட்டு நகர்ந்தாலே போதும். 2012-ல் வட கடலில் ஒரு டைவிங் கப்பலை நிலையாக நிறுத்தும் கணினி செயலிழந்து, கீழே வேலை செய்துகொண்டிருந்த ஒருவரின் சுவாசக்குழாய் அறுந்துபோனது. முதுகில் சில நிமிடங்களுக்கான வாயுதான் இருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் கழித்து மீட்டபோதும் அவர் பிழைத்துக்கொண்டார். ஒரு நாவலாசிரியர் இதை எழுதியிருந்தால் நான்கூட நம்பியிருக்க மாட்டேன்.

கீழே அவர்கள் பார்த்தது என்ன? இங்கேதான் ஸ்டொரெக்கா வருகிறது. நார்வே கரைக்கு அப்பால், ஏறக்குறைய 8,200 ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சரிவு ஒன்று பிரம்மாண்டமாக வழுக்கி விழுந்தது. அதில் எழுந்த சுனாமி நார்வே, ஸ்காட்லாந்து கரைகளில் விட்டுப்போன மணல் படிவு இன்றும் இருக்கிறது. நிலநடுக்கம்தான் அதைக் கிளப்பியிருக்கும் என்பது பலரின் முடிவு, ஹைட்ரேட்டின் பங்கு இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அந்தச் சரிவின் வடுவுக்குள்ளேயேதான் ஓர்மன் லாங்கே என்ற இயற்கை எரிவாயு வயல் இயங்குகிறது. மறுபடியும் சரியுமா என்று முன்கூட்டியே விரிவாக ஆராய்ந்துவிட்டுத்தான் அங்கே வேலையை ஆரம்பித்தார்கள். உங்கள் கதையில் வேறொரு சரிவு, கற்பனைச் சரிவு, இருக்கட்டும். டைவர் கையால் தொட்டுப் பார்க்கிற ஒரு விரிசல், போன தடவை இறங்கியபோது இல்லாதது, வாயுக் குமிழ்கள் அதிலிருந்து நூல் நூலாக ஏறிக்கொண்டிருக்கின்றன. இது போதும்.

ஓர் எல்லையைத் தாண்டாதீர்கள். உலகத்து ஹைட்ரேட் எல்லாம் ஒரே நாளில் வெடித்துப் பூமி அழிகிறது என்று எழுதினால் விஷயம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். ஆழத்தில் கசியும் மீத்தேனில் பெரும்பகுதி நீரிலேயே கரைந்துவிடுகிறது, நுண்ணுயிர்களும் அதைத் தின்றுவிடுகின்றன. ஒரு சரிவு, ஒரு கரை, சில ஊர்கள் என்ற அளவே பயங்கரம்தான். மீத்தேன் குமிழ்தான் கப்பல்களை மூழ்கடிக்கிறது என்ற பெர்முடா முக்கோணக் கதையையும் தொடாதீர்கள்.

கடலடியில் உறங்கிய கிருமி விழித்துக்கொள்கிறது என்ற யோசனையும் உங்களுக்கு வந்திருக்கும். அடிப்படை உண்மை இருக்கிறது. தென் பசிபிக்கின் அடிமண்ணில் பத்துக் கோடி ஆண்டு பழைய படிவிலிருந்து எடுத்த நுண்ணுயிர்கள் உணவு கொடுத்ததும் பெருகின என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-ல் அறிவித்தார்கள். எனக்கு அந்தச் செய்தியே பெரிய பரவசம். ஆனால் பட்டினியிலேயே வாழப் பழகிய அந்த உயிர்கள் மனித உடம்பைத் தாக்கும் என்று நம்பவைக்க நிறையப் பொய் சொல்ல வேண்டியிருக்கும். வேண்டாம்.

இரகசியத்துக்கும் உண்மையான முன்மாதிரி இருக்கிறது. 1968-ல் பசிபிக்கில் மூழ்கிய கே-129 என்ற சோவியத் நீர்மூழ்கியை, ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து தூக்க அமெரிக்க உளவுத்துறை 1974-ல் குளோமர் எக்ஸ்புளோரர் என்ற கப்பலை அனுப்பியது. வெளியே சொன்ன கதை, கடலடி மாங்கனீசு எடுக்கிறோம் என்பது. தூக்கும்போது நீர்மூழ்கியின் பெரும்பகுதி உடைந்து திரும்ப விழுந்துவிட்டது. உங்கள் கப்பலும் ஆராய்ச்சிக் கப்பல் என்ற பெயரில் போகலாம்.

எதிர்த்தரப்பு ஆளைப் பணத்தாசை பிடித்தவராக எழுதிவிடாதீர்கள், இந்தக் கருவுக்கு அது பெரிய இழப்பு. 2013-ல் ஜப்பான் நன்காய் பள்ளத்தாக்குக் கடலில் அழுத்தத்தைக் குறைத்து ஹைட்ரேட்டிலிருந்து வாயு எடுத்துக் காட்டியது. சில நாட்களில் கிணற்றில் மணல் புகுந்து சோதனை நின்றது. எரிபொருளில் ஏறக்குறைய முழுவதையும் இறக்குமதி செய்யும் நாடு அது. அப்படி ஒரு நாட்டின் பொறியாளர், தன் மக்களுக்கு நூறு வருடத்துக்கு வெளிச்சம் தரும் வாயு காலடியில் கிடக்கிறது என்று மனதார நம்புகிறவர், விரிசலை நேரில் பார்க்காதவர், வால்வில் கை வைத்து நிற்கட்டும். உள்ளே இருந்து வாத்துக் குரலில் ஒருவர் நிறுத்தச் சொல்லிக் கத்துகிறார், குரலைத் திருத்தும் கருவி பழுதாகிக் கிடக்கிறது. அந்த அத்தியாயத்தை முதலில் எழுதிப் பாருங்கள்.