இன்டெலா, ஏஎம்டியா? எண்ணைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்

கேள்வி: லேப்டாப் வாங்க இருக்கிறேன். கோடிங்தான் முக்கிய வேலை, கொஞ்சம் வீடியோ எடிட்டிங்கும் உண்டு. இன்டெல், ஏஎம்டி இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு ஆண்டுதோறும் புது ப்ராசசர் இறக்குகின்றன. எதை வாங்குவது? அடுத்தது வரும்வரை பொறுத்திருக்கலாமா?

பதில்: கம்பெனிப் பெயரைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். இருவரிடமும் அருமையான சிப் இருக்கிறது. பழைய கோரைப் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி; ஒரு சிப்பில் பல இருக்கும்) புதுப் பெயரில் விற்கும் பழக்கமும் இருவரிடமும் இருக்கிறது. உள்ளே இருக்கும் கோர் எந்த ஆண்டின் வடிவமைப்பு என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏஎம்டியின் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7640யு என்ற இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டுமே ரைசன் 5, இரண்டுமே 7000 வரிசை. மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: ஒன்றில் 2, மற்றதில் 4. கோரின் தலைமுறையைச் சொல்வது அந்த இலக்கம்தான். 2 என்றால் 2019இல் வந்த ஜென் 2 (ஏஎம்டியின் கோர் வடிவமைப்புக்கு ஜென் என்று பெயர்). 4 என்றால் 2022இல் வந்த ஜென் 4. முன்னதில் 4 கோர், பின்னதில் 6. மெயில், பிரவுசர் அளவில் நிற்பவருக்கு 7520யு போதும். உங்கள் எடிட்டிங் வேலைக்குத் திணறும். ஏஎம்டியின் 7000, 8000 வரிசை லேப்டாப் சிப்களுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு.

இன்டெல் பக்கம் ‘அல்ட்ரா’ என்ற ஒற்றைச் சொல்லில் விஷயம் இருக்கிறது. (இன்டெல் தன் சிப்களுக்கும் ‘கோர்’ என்றே பெயர் வைத்திருக்கிறது; குழப்பிக்கொள்ளாதீர்கள்.) கோர் அல்ட்ரா 7 155எச் புதிதாக உருவாக்கிய மீட்டியர் லேக் வடிவமைப்பு; மூன்று வகைக் கோர்களும் சேர்த்து 16. அதே சமயத்தில் வந்த கோர் 7 150யு, முந்தைய ராப்டர் லேக் வடிவமைப்பின் தொடர்ச்சி, 10 கோர். இரண்டிலும் 7 இருப்பதால் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நினைப்பவர் மேல் தப்பில்லை. இப்படிப் பெயர் வைப்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

கிகாஹெர்ட்ஸை (ஒரு நொடிக்குச் சிப் எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்ற எண்) வைத்து மட்டும் ஒப்பிடாதீர்கள். பென்டியம் 4 காலத்தில் இன்டெல் அதைத் துரத்திக்கொண்டு 3.8 வரை போனது. சூடு தாங்காமல் அந்தப் பாதையையே கைவிட்டது. 2006இல் வந்த கோர் 2 டுவோ, பென்டியம் 4-ஐவிடக் குறைந்த கிகாஹெர்ட்ஸில் ஓடியும் அதை எளிதாக முந்தியது. ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதும் சேர்ந்ததுதான் வேகம்.

இனி, பொறுத்திருப்பது பற்றி. ஏஎம்டியின் 2011 ப்ராசசரான புல்டோசர் எடுபடவில்லை. எதிரில் ஆள் இல்லாத இன்டெல், சாதாரண டெஸ்க்டாப்புக்கான தன் உச்ச வரிசையான ஐ7-ஐ ஆண்டுக்கணக்காக 4 கோரிலேயே வைத்திருந்தது. 2017 ஜனவரியில் வந்த ஐ7 7700கே கூட 4 கோர், 8 த்ரெட்தான் (த்ரெட் என்பது ஒரே நேரத்தில் கையாளும் வேலைகளின் எண்ணிக்கை). மார்ச்சில் ஏஎம்டி 8 கோர் ரைசனோடு திரும்பி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஐ7 6 கோர் ஆனது. 2020இல் வெளியான ஐ3 10100-ஐப் பாருங்கள்: 4 கோர், 8 த்ரெட். மூன்று ஆண்டுக்கு முன் உச்சியில் இருந்தது அடிமட்டத்துக்கு வந்துவிட்டது! போட்டி என்று ஒன்று இல்லாவிட்டால் இது இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது.

லேப்டாப்பில் அப்படிப்பட்ட உலுக்கலை 2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 சிப் கொடுத்தது. ஃபேனே இல்லாத மேக்புக் ஏரில் அந்த வேகத்தையும் பேட்டரி நேரத்தையும் பார்த்த பிறகு மற்றவர்களும் மின்சிக்கனத்தில் இறங்க வேண்டியதாயிற்று. 2024இல் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ், இன்டெலின் லூனார் லேக் இரண்டும் பேட்டரி நேரத்தைத்தான் முன்னிறுத்தின. இத்தகைய தாவல்கள் எப்போதோ ஒருமுறைதான் வரும். மற்ற ஆண்டுகளில் முன்னேற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இருக்கும். அதனால் வேலை கையில் இருந்தால் இப்போதே வாங்குங்கள். புதுத் தலைமுறை அறிவிப்பாகி, சில வாரத்தில் கடைக்கு வரும் என்றால் மட்டும் பொறுங்கள். அப்போது முந்தையது மலிவாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம், அதுவே உங்களுக்குத் தாராளம்.

உங்கள் வேலைக்கு ஜென் 4 அல்லது கோர் அல்ட்ரா, அதற்குக் கீழே போக வேண்டாம். ரேம் 16 ஜிபியாவது இருக்கட்டும். பல மெல்லிய லேப்டாப்களில் போர்டோடு சால்டர் செய்துவிடுவதால் பிறகு ஏற்ற முடியாது. எண்ணின் கடைசியில் யு இருந்தால் மின்சிக்கனம், எச் இருந்தால் கூடுதல் வேகம், கூடவே கூடுதல் சூடு. ஒரே சிப் ஒரு லேப்டாப்பில் சீறும், காற்றோட்டம் சரியில்லாத இன்னொன்றில் மந்தமாகும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு நீள வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டு, டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகத்தைக் கவனியுங்கள். முதல் நிமிடத்தில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். இருபதாவது நிமிடத்தில் எதில் நிற்கிறதோ, அதுதான் நீங்கள் வாங்கிய வேகம்.