பேங்காக் பேக்கேஜ்: முன்பணம் கட்டும் முன்

கேள்வி: நாங்கள் பாடாங் செராயில் இருக்கிறோம். கணவர் செம்பனை ஆலையில் வேலை பார்க்கிறார். எங்கள் 25ஆவது கல்யாண நாளுக்குப் பிள்ளைகள் பணம் போட்டு எங்களை பேங்காக் அனுப்புகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் 4 நாள் 3 இரவு பேக்கேஜ், விமான டிக்கெட்டோடு ஆளுக்கு 1,499 வெள்ளி (ரிங்கிட்) என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். இடம் முடியப்போகிறதாம், ஆளுக்கு 500 வெள்ளியை இன்றே தன் கணக்கில் போடச் சொல்கிறார். போடலாமா? கணவருக்கு ஊர் பார்ப்பதைவிடச் சாப்பாடுதான் முக்கியம். நான் மாடு தொடமாட்டேன், வெள்ளிக்கிழமை சைவம்.

பதில்: வாழ்த்துகள். ஆனால் இன்று போடாதீர்கள்.

நம் ஊர்களில் தெரிந்த முகம் என்றால் ரசீது கேட்கக் கூச்சப்படுகிறோம். 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி, பயணம் ஏற்பாடு செய்து பணம் வாங்க சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். நிறுவனத்தின் பெயரையும் உரிம எண்ணையும் கேட்டு வாங்கி, அமைச்சின் இணையப் பக்கத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அவர் ஆள் சேர்த்துக் கொடுப்பவர் மட்டும்தான் என்றால் பிரச்சினை இல்லை; பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகட்டும், ரசீது உங்கள் பெயரில் வரட்டும். ‘என்னை நம்பவில்லையா’ என்று கோபித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, அந்த 1,499 வெள்ளிக்குள் என்ன அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். பெட்டிக்கு எத்தனை கிலோ? எந்தெந்த வேளைச் சாப்பாடு? வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் டிப்ஸ் தனியா? முக்கியமாக, எத்தனை கடைகளில் பேருந்து நிற்கும்? மலிவான பேக்கேஜ்களில் ரத்தினக்கல் கடை, தோல் கடை, தேன் கடை என்று வரிசையாக இறக்கிவிடுவார்கள். அங்கே நீங்கள் வாங்குவதில் வருகிற கமிஷனில்தான் விலை குறைகிறது. போகிற நாளும் வருகிற நாளும் பயணத்திலேயே கழியும். மிச்சம் இரண்டு முழு நாள். அதில் பாதியைக் கடைக்காரருக்கா கொடுப்பது?

என்னைக் கேட்டால் உங்களுக்கு பேக்கேஜே வேண்டாம். புக்கிட் மெர்தாஜாமில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார். அங்கே ரயில் நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும். மாலையில் கிளம்பும் தாய்லாந்து ரயிலில் படுக்கை போட்டுப் படுத்தால் மறுநாள் காலை பேங்காக். அங்கே நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால், டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் விமானமே சரி. விசா தேவையில்லை. ஆனால் 2025 மே முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் மின்னியல் வருகை அட்டையை நிரப்பியாக வேண்டும். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்புங்கள். அது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் பக்கம் அரசாங்கத்துடையது அல்ல.

பேங்காக் அரண்மனைக்கு வெளிநாட்டவர் கட்டணம் 500 பாட் (தாய்லாந்துப் பணம்). அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டைக்கு அனுமதி இல்லை. வாசலருகே யாராவது ‘இன்று அரண்மனை மூடியிருக்கிறது, என் டுக்டுக்கில் ஏறுங்கள், மலிவாகச் சுற்றிக் காட்டுகிறேன்’ என்றால் காதில் வாங்காமல் நடங்கள். அந்தச் சவாரி முடிகிற இடமும் ரத்தினக்கல் கடைதான். பக்கத்திலேயே வாட் போ என்ற புத்தர் கோவில், உள்ளே 46 மீட்டர் நீளச் சயன புத்தர். அங்கிருந்து படகில் ஆற்றைக் கடந்தால் வாட் அருண் கோவில்.

இனி உங்கள் கணவர் விஷயம். இரவுச் சாப்பாட்டுக்கு யாவராட், அதாவது சைனாடவுன். ஒரே கடையில் வயிற்றை நிரப்பாமல் ஒரு தட்டை இருவரும் பகிர்ந்துகொண்டே நடங்கள். விலை எழுதாத கடல் உணவுக் கடையில் மட்டும், எடை போடும் முன் விலை கேளுங்கள். மாட்டிறைச்சியை அங்கே ‘நுவா’ என்பார்கள். படகு நூடல்ஸ் குழம்பில் மாட்டு ரத்தமோ பன்றி ரத்தமோ சேர்ப்பதுண்டு, நீங்கள் ஒதுக்கிவிடுங்கள். வெறும் காய்கறி என்று நினைத்தாலும் மீன் சாஸ் விழுந்திருக்கும். வெள்ளிக்கிழமைக்கு மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று போட்ட கடையைத் தேடுங்கள். நம் ஊர்ச் சீனர்கள் ஒன்பது பேரரசர் திருவிழாவில் சாப்பிடும் அதே சைவம்தான், பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. அன்று காலை சீலோம் சாலை மாரியம்மனையும் பார்த்துவிடலாம், தமிழர்கள் கட்டிய கோவில்.

கேள்வி: வெளிநாட்டில் கார்டு இயந்திரம் ‘ரிங்கிட்டா, பாட்டா’ என்று கேட்கிறது. எதை அழுத்துவது?

பதில்: பாட். ரிங்கிட்டை அழுத்தினால் மாற்று விகிதத்தை அவர்கள் பக்கமே நிர்ணயிப்பார்கள், பெரும்பாலும் உங்களுக்கு நஷ்டம். தாய்லாந்து ஏடிஎம்மில் ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம், அதனால் ரொக்கத்தைச் சில்லறை சில்லறையாக எடுக்காதீர்கள். நம் வங்கிச் செயலிகள் பலவற்றால் அங்கே கடைகளில் பணம் கட்டும் பிராம்ப்ட்பே கியூஆரையும் ஸ்கேன் செய்யலாம். கிளம்பும் முன் உங்கள் வங்கியில் அந்த வசதி உண்டா என்று பாருங்கள்.

கேள்வி: ஏற்பாட்டாளரே பயணத்தை ரத்து செய்துவிட்டு, பணத்துக்குப் பதில் வவுச்சர் தருகிறார். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: ரத்து செய்தது அவர், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஒரு தேதி குறித்து எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அதற்கும் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி; 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் விவகாரம் தொடங்கி மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும்.