சிஸ்டர் பதில்கள்: வீட்லயே போட்டுக்கற ஊசி

பெப்டைட் ஊசின்னதும் (பெப்டைட்னா புரதத்தோட சின்னத் துண்டு மாதிரி) ஏதோ நேத்து வந்த சமாச்சாரம்னு நிறைய பேர் நெனச்சுக்கறீங்க. நம்ம வீடுகள்ல தாத்தா பாட்டி போட்டுக்கிட்டு இருந்த இன்சுலினே பெப்டைட்தான், 1922லேர்ந்து மனுஷங்க போட்டுக்கிட்டு வர்றாங்க. இப்போ வெயிட் குறைய வாரம் ஒண்ணு, எலும்புக்கு தினம் ஒண்ணு, ஜிம்ல கைமாத்தி குடுக்கறது, கல்யாணத்துக்கு கலர் வரணும்னு பார்லர்ல போடறதுன்னு கடலூர் பாண்டி ரெண்டு பக்கமும் பல விதமா ஆயிடுச்சு. இந்த தடவை வந்த கடிதம் அத்தனையும் இதே விஷயம்ங்கறதால சேர்த்தே பதில் சொல்லிடறேன். ஊசி குத்தறத யாருக்கு வேணா ஒரு காலைல கத்துக் குடுத்துடலாம், அதுல எனக்கு பயமே இல்ல. உள்ள என்ன இருக்கு, எவ்ளோ இருக்குன்னு தெரியாம குத்திக்கறீங்க பாருங்க, அதுதான் பயமா இருக்கு.

கேள்வி: சிஸ்டர், எனக்கு 46 வயசு, 9 வருஷமா சுகர். வாரத்துக்கு ஒரு தடவை போடற செமாக்ளுடைட் பென் (பேனா மாதிரி இருக்கற ஊசி) டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. மெடிக்கல்ல வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சதோட சரி, எடுத்தாலே கை நடுங்குது. பக்கத்து வீட்டு அக்கா வேற வயித்துல குத்தினா குடல்ல பட்டுடும்னு சொல்றாங்க. (வாசகி, திருப்பாப்புலியூர்)

பதில்: குடல்ல எல்லாம் படாதும்மா. பென்னுக்கு போடற நீடில் 4 மில்லிமீட்டர்தான், தோலுக்கு கீழ இருக்கற கொழுப்பு வரைக்கும்தான் போகும், அதுக்கு மேல போக அதுக்கு நீளமே கிடையாது. ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து கொஞ்ச நேரம் வெளிய வைங்க, ஜில்லுன்னு போட்டாதான் எரியும். கைய சோப்பு போட்டு கழுவுங்க. மருந்து தண்ணி மாதிரி தெளிவா இருக்கான்னு வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, கலங்கலா இருந்தா இல்ல ஏதாச்சும் துகள் மிதந்தா போட வேணாம். புது நீடில் மாட்டி, புது பென்னா இருந்தா மொதல்ல டெஸ்ட் பண்ணி நுனியில ஒரு சொட்டு வருதான்னு பார்த்துட்டு, அப்பறம் டாக்டர் எழுதின அளவுக்கு டயல திருப்புங்க. தொப்புள சுத்தி மூணு விரல் தூரம் விட்டுடுங்க, மத்தபடி வயிறு, தொடையோட முன்பக்கம், மேல் கையோட பின்பக்கம் எங்க வேணா போடலாம், ஆனா ஒவ்வொரு வாரமும் எடம் மாத்துங்க. நேரா குத்தி, பட்டன முழுசா அழுத்தி, டயல் பூஜ்யத்துக்கு வந்தப்பறமும் எடுத்துடாம மெதுவா ஆறு எண்ணுங்க. நிறைய பேர் இங்கதான் அவசரப்படறாங்க. உடனே உருவிட்டா மருந்து ஒரு சொட்டு வெளிய நிக்கும், அது உங்களுக்கு போய்ச் சேர வேண்டிய மருந்து. முடிஞ்சதும் நீடில கழட்டி போட்டுடுங்க, பென்லயே மாட்டி வச்சா காத்து உள்ள போகும், மருந்து ஒழுகும்.

மொதல் 4 வாரம் 0.25 மில்லிகிராம்தான் குடுப்பாங்க, அது வயிறு பழகறதுக்கான அளவு. சுகர் குறையலையேன்னு நீங்களா ஏத்தாதீங்க. கொமட்டல், மலச்சிக்கல் வரலாம், தட்டுல கொஞ்சமா போட்டுக்கிட்டு வயிறு போதும்னதும் கைய கழுவிடுங்க, ஞாயித்துக்கிழமை மீன் கொழம்பானாலும் அப்படித்தான். ஆனா மேல் வயித்துல ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் இழுக்கற மாதிரி வலி விடாம இருந்தா அது கேஸ் இல்ல, கணையமா இருக்கலாம், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போகணும். கிளிமிபிரைட்ங்கற சுகர் மாத்திரையோ இன்சுலினோ கூட எடுத்துக்கறீங்கன்னா லோ சுகர் ஆகலாம், அந்த அளவ குறைக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் ஆரம்பிக்கணும். வீட்ல யாருக்காவது மெடுல்லரி தைராய்டு கேன்சர் இருந்திருந்தா இந்த ஊசியே உங்களுக்கு கிடையாது, அதயும் வாய் விட்டு சொல்லிடுங்க. அப்பறம் 9 வருஷ சுகர்ங்கறீங்க, கண்ணுக்குள்ள விழித்திரை பார்த்தீங்களா? சுகர் வேகமா இறங்கும்போது ஏற்கெனவே கண்ணுல பாதிப்பு இருந்தா கூடிடலாம், அதனால தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியிலயோ ஜிஹெச்லயோ ஒரு தடவை பார்த்துடுங்க. ஒரு வாரம் மறந்துட்டா, 5 நாளுக்குள்ள ஞாபகம் வந்தா போட்டுக்கலாம், தாண்டிடுச்சுன்னா விட்டுட்டு அடுத்த கெழமைக்கு போட்டா போதும், ரெண்டு டோஸ் சேர்த்து போடவே கூடாது.

கேள்வி: சிஸ்டர், எனக்கு 27 வயசு. தோள்பட்டைல ரெண்டு மாசமா வலி. ஜிம் கோச் பிபிசி-157னு ஒரு பெப்டைட் பவுடர் பாட்டில் வாங்கிக் குடுத்தாரு, தண்ணி தனியா வந்துச்சு. நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரே பாட்டில வச்சுக்கிட்டு போடறோம். எவ்ளோ தண்ணி கலந்தா எத்தன யூனிட் வரும், சேஃபா எப்படி போடறதுன்னு சொல்லுங்க. (வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: தம்பி, கலக்கற கணக்க நான் சொல்லப் போறதில்ல. ஏன்னு கேளு. அந்த பாட்டில் மேல ஆராய்ச்சிக்கு மட்டும், மனுஷங்களுக்கு இல்லன்னு பொடி எழுத்துல போட்டிருக்கும், எடுத்துப் பாரு. அப்படிப் போட்டா மருந்துக்கு உண்டான சோதனை எதுவும் அவங்க பண்ண வேண்டியதில்ல, விக்கறவனுக்கு அதுதான் வசதி. உள்ள எழுதியிருக்கற மருந்துதான் இருக்கா, எழுதின அளவு இருக்கா, கிருமி இல்லாம அடைச்சிருக்காங்களா, எதுக்கும் யாரும் பொறுப்பில்ல. 5 மில்லிகிராம்னு நம்பி நீ கணக்கு போட்டா அந்த கணக்கோட அஸ்திவாரமே ஆடுது. எலிக்கு தசைநார் சீக்கிரம் ஆறினதா ஆராய்ச்சி இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா மனுஷங்ககிட்ட ஒழுங்கா பெருசா சோதிச்சதே கிடையாது, இந்தியாவுலயும் சரி அமெரிக்காவுலயும் சரி இது அனுமதி வாங்கின மருந்தே இல்ல. நீ போட்டிக்கு போற பையன்னா இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ, ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடா 2022லேர்ந்து இத தடை லிஸ்ட்ல வச்சிருக்கு.

இதவிட என்ன தூங்க விடாம பண்றது அந்த நாலு பேர் ஒரே பாட்டில்ங்கற வரிதான். சிரிஞ்ச் ஆளுக்கு ஒண்ணா, இல்ல அதுவும் ஒண்ணேவா? நீ எழுதல. நீடில மட்டும் மாத்திக்கிட்டு சிரிஞ்ச் ஒண்ணே வச்சிருந்தாலும், போட்ட சிரிஞ்சயே திருப்பி பாட்டில்ல விட்டு இழுத்திருந்தாலும், ஒருத்தன் ரத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவுல பாட்டிலுக்குள்ள போயிருக்கும். ஹெபடைட்டிஸ் பி, சி, ஹெச்ஐவி மூணும் இந்த வழியில பரவும். கடைசியா அப்படி போட்டு 72 மணி நேரம் ஆகலன்னா இத படிக்கறத நிறுத்திட்டு கெளம்பு, கோரிமேடு ஜிப்மரோ வேற எந்த அரசு ஆஸ்பத்திரியோ, எமர்ஜென்சிக்கு போய் நடந்தத அப்படியே சொல்லு, ஹெச்ஐவி வராம தடுக்கற மாத்திரை அந்த நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் பலன். தாண்டிட்டாலும் நாலு பேரும் இப்போ ஒரு தடவை, 3 மாசம் கழிச்சு ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாருங்க, ஜிஹெச்ல இருக்கற ஐசிடிசிங்கற ஆலோசனை, பரிசோதனை மையத்துல ஹெச்ஐவி டெஸ்ட் இலவசம், யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. போட்ட எடம் சூடா சிவந்து பரவுது, சீழ் கட்டுது, காய்ச்சல் அடிக்குதுன்னா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லு. உதடு வீங்குது மூச்சு திணறுதுன்னா 108.

தோள்பட்டைக்கு வருவோம். ரெண்டு மாச வலின்னா உள்ள நார் கிழிஞ்சிருக்கா, வெறும் வீக்கமான்னு ஆர்த்தோ டாக்டர் கைய தூக்கி திருப்பிப் பார்த்து சொல்லணும், தேவைன்னா ஸ்கேன். நிறைய பேருக்கு பாரத்த கொறச்சு ஒழுங்கா ஃபிசியோ பண்ணாலே சரியாகுது. கோச் மேல உனக்கு மரியாதை இருக்கலாம், இருக்கட்டும், எடை தூக்கறத அவர்கிட்ட கத்துக்கோ, ஊசிய கத்துக்காத.

கேள்வி: அப்பாவுக்கு காலைல 20 யூனிட் இன்சுலின், பாட்டில்ல இழுத்து நான்தான் போடறேன். எப்பவும் செவப்பு மூடி சிரிஞ்ச். இந்த மாசம் மெடிக்கல்ல அது இல்லன்னு ஆரஞ்சு மூடி குடுத்தாங்க, எல்லாம் ஒண்ணுதான்னாங்க. பத்து நாளா சுகர் 300க்கு மேல நிக்குது. (வாசகி, நெல்லிக்குப்பம்)

பதில்: ஒண்ணு இல்லம்மா, காரணமே அதுவாத்தான் இருக்கும். அப்பா பாட்டில எடுத்துப் பாருங்க, ஒரு மில்லிக்கு 40 யூனிட்னு போட்டிருக்கும். செவப்பு மூடி அதுக்கு உண்டான சிரிஞ்ச், யூ-40. ஆரஞ்சு மூடி யூ-100, அதோட கோடுங்க ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்கற மருந்துக்கு போட்ட கோடு. ஆரஞ்சு சிரிஞ்ச்ல நீங்க 20ங்கற கோடு வரைக்கும் இழுத்தா அப்பாவுக்கு போனது வெறும் 8 யூனிட். இன்னிக்கே செவப்பு மூடி வாங்கிடுங்க, வாங்கின நாள்லேர்ந்து ரெண்டு மூணு நாள் சுகர அடிக்கடி டெஸ்ட் பண்ணுங்க, நடுவுல யாராவது 300 பார்த்துட்டு டோஸ ஏத்தியிருந்தா அத டாக்டர்கிட்ட சொல்லி பழையபடி மாத்தணும், இல்லன்னா லோ ஆயிடும்.

இதுக்கு தலைகீழா நடந்தா இன்னும் மோசம். 100 யூனிட் மருந்த செவப்பு சிரிஞ்ச்ல 20 இழுத்தா உள்ள போறது 50 யூனிட், ஆளே மயங்கி விழுந்துடுவாங்க. பாட்டில்ல இருக்கற நம்பரும் சிரிஞ்ச்ல இருக்கற நம்பரும் ஒண்ணா இருக்கணும், கடைக்கு போகும்போது காலி பாட்டில கையோட எடுத்துட்டு போங்க.

கேள்வி: புயல் வந்தா எங்க ஏரியால கரன்ட் நாள் கணக்குல இருக்காது. ஊசி மருந்த என்ன பண்றது? போன தடவை பயந்துக்கிட்டு ஐஸ்கட்டிக்குள்ளயே வச்சுட்டேன். (வாசகர், தேவனாம்பட்டினம்)

பதில்: நியாயமான கவலை. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல், அது போன கையோட தென்பெண்ணையில வந்த வெள்ளம், நம்ம ஊருக்கு இது அடுத்த வருஷமும் உண்டு. மொதல்ல ஐஸ். உறைஞ்ச மருந்து திரும்ப தண்ணியானாலும் பார்க்க நல்லாத்தான் இருக்கும், வேலை செய்யாது, அத தூக்கிப் போட்டுடுங்க. சாதாரண நாள்லயும் ஃப்ரீசருக்கு பக்கத்துலயோ ஃப்ரிட்ஜோட பின் சுவத்துல ஒட்டியோ வைக்காதீங்க, நடுத்தட்டுல ஒரு டப்பால போட்டு வைங்க, 2லேர்ந்து 8 டிகிரிதான் கணக்கு.

கரன்ட் போனா உடனே மருந்து கெட்டுடாது. ஃப்ரிட்ஜ சும்மா சும்மா தொறக்காம இருந்தா கொஞ்ச நேரம் ஜில்லுன்னே இருக்கும். அதுக்கப்பறம் மண்பானைதான். பெரிய பானைல மணல் போட்டு தண்ணி தெளிச்சு, அதுக்குள்ள சின்ன பானைய வச்சு, மருந்த நனையாம ஒரு டப்பால மூடி உள்ள வைங்க, பானை வாய ஈரத்துணியால மூடி காத்து வர்ற எடத்துல வச்சுடுங்க, மணல் காயாம பார்த்துக்கோங்க. புயல் ஈரத்துல அவ்ளோவா குளிராது, ஆனா புயலுக்கு அப்பறம் வர்ற வெயில்ல இதுதான் காப்பாத்தும். புழக்கத்துல இருக்கற இன்சுலின் பாட்டில் சூடு படாம இருந்தா பெரும்பாலும் 28 நாள் வெளியவே தாங்கும், செமாக்ளுடைட் பென் சிலது 56 நாள் வரைக்கும் தாங்கும், கம்பெனிக்கு கம்பெனி மாறும், அட்டைல போட்டிருக்கறத பாருங்க. தொறந்த தேதிய பாட்டில் மேலயே பேனால எழுதிடுங்க. வெளிய இருந்த மருந்து போட்டும் சுகர் இறங்கலன்னா வேற காரணம் தேடாம மொதல்ல புது பாட்டில் தொறங்க.

கேள்வி: தை மாசம் எனக்கு கல்யாணம். கலர் வர குளூட்டாதையோன் ஊசி பார்லர்ல போடறாங்க, வீட்லயே போட்டுக்கற கிட்டும் இருக்குன்னாங்க. அதுவும் பெப்டைட்தானாமே, இயற்கைதானாமே? (வாசகி, வில்லியனூர்)

பதில்: பெப்டைட்தான், நம்ம உடம்பே தயார் பண்றதுதான். அதுக்காக நரம்புல ஏத்திக்கலாம்னு அர்த்தம் இல்லடா கண்ணு. தோல் வெளுக்கறதுக்குன்னு எந்த ஊசிக்கும் அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி குடுக்கல, இந்த ஊசி ரொம்ப பரவின பிலிப்பைன்ஸ்ல அந்த நாட்டு எஃப்டிஏவே கிட்னி, தைராய்டு, தோல் உரியற அளவு அலர்ஜின்னு எச்சரிக்கை விட்டிருக்கு. நரம்பு ஊசிய வீட்ல நீங்களா போட்டுக்கறது வேற பெரிய ஆபத்து. அந்த காசுக்கு ஒரு ஸ்கின் டாக்டர பார்த்து, முகத்துல மங்கு இருந்தா அதுக்கு மருந்து போடுங்க, வெயிலுக்கு சன்ஸ்கிரீன் போடுங்க. உங்க கலர்ல எந்த கொறையும் இல்ல, மாப்பிள்ளை வீட்ல யாராவது சொன்னாங்கன்னா அத உங்க அம்மா அப்பாகிட்ட சொல்லுங்க.

கேள்வி: அம்மாவுக்கு எலும்பு தேய்மானம்னு தினமும் டெரிபாரடைட் ஊசி. போட்டதும் தலை சுத்துதுங்கறாங்க. (வாசகர், பண்ருட்டி)

பதில்: ஆரம்பத்துல சிலருக்கு எழுந்து நிக்கும்போது பிரஷர் இறங்கும் தம்பி. ராத்திரி படுக்கப் போகும்போது கட்டில்ல உக்கார வச்சு போடுங்க, கொஞ்ச நேரம் எழுந்து நடக்க விடாதீங்க, எலும்பு வீக்கா இருக்கறவங்க விழுந்தா அது வேற. பிரஷர் மாத்திரை போடறாங்கன்னா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. பென்ன போட்டதும் திருப்பி ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, 28 நாள் ஆனா மிச்சம் இருந்தாலும் புதுசுதான்.

கேள்வி: போட்ட நீடில குப்பைல போடலாமா? (வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: பையில கட்டி போடாதீங்க. அத கையால பிரிக்கறாங்க பாருங்க அந்த அக்காங்க, அவங்க விரல்லதான் ஏறும், அப்பறம் மாசக்கணக்குல டெஸ்டும் பயமுமா அலையணும். வீட்ல வர்ற ஊசிய தனியா வாங்கணும்னு 2016ல வந்த திடக்கழிவு விதியிலயே சொல்லியிருந்தாங்க. துணி தோய்க்கற லிக்விட் வர்ற கெட்டி பிளாஸ்டிக் கேன் ஒண்ண எடுத்து மேல ஊசின்னு தமிழ்ல பெருசா எழுதுங்க, போட்ட நீடில திரும்ப மூடாம சிரிஞ்சோட அதுல போடுங்க, தண்ணி பாட்டில் மெல்லிசு, குத்திக்கிட்டு வெளிய வந்துடும். முக்கால் பங்கு ரொம்பினதும் மூடிய இறுக்கி டேப் சுத்தி, நீங்க பார்க்கற கிளினிக்லயோ லேப்லயோ ஊசிக்குன்னு டப்பா வச்சிருப்பாங்க, அவங்ககிட்ட கேட்டு குடுத்துடுங்க. அங்க வாங்கலன்னா குப்பை வண்டிக்காரங்க கையில தனியா, உள்ள ஊசி இருக்குன்னு சொல்லிக் குடுங்க.

எந்த ஊசியா இருந்தாலும் போட்டப்பறம் ஏதாவது கோளாறு வந்தா 1800-180-3024க்கு போன் பண்ணி பதிவு பண்ணலாம், மருந்து பக்கவிளைவுக்குன்னே இருக்கற அரசு நம்பர், காசு கிடையாது. பாட்டில், அட்டை, பேட்ச் நம்பர் மூணையும் தூக்கிப் போடாம பக்கத்துல வச்சுக்கிட்டு பேசுங்க.